அஞ்சு டாலர் சீல்!

எனக்கு டேப்பர் ரோலர் பேரிங் வரையத் தெரியும். பாதியா வெட்டின மாதிரி செக்‌ஷன் போட்டு, ஹேட்சிங் கோடு இழுத்து, சென்டர் லைன் வெச்சு... கண்ணை மூடிக்கிட்டு வரைவேன். மெஷின் டிராயிங்கில் எங்க கிளாஸ்லயே நான்தான் ஃபர்ஸ்ட். சேலம் பக்கத்துல ஒரு காலேஜ், மெக்கானிக்கல், ஒரு அரியர்கூட கிடையாது. (சரி சரி, எம்-த்ரீயில ஒண்ணு இருந்துச்சு. அதை விடுங்க!)

ஆனா அந்த நாலு வருஷத்துல ஒரு பேரிங்கைக்கூட நான் கையில் எடுத்துப் பார்த்தது கிடையாது. இதுல காமெடி என்னன்னா, எங்க வீட்டுக்குச் சோறு போட்டதே அந்த பேரிங்தான்.

அப்பா சங்ககிரியில் லாரி மெக்கானிக். ஹப் வேலை. ஜாக்கி வெச்சு வீலைக் கழட்டி, ஹப்பை இறக்கி, பேரிங்கை டீசல்ல கழுவி, கிரீஸ் அடைச்சு, ஆயில் சீல் மாத்தி மறுபடியும் மாட்டணும். ஒரு நாளைக்கு நாலு வண்டி, அஞ்சு வண்டி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுக் கையை அரைமணி நேரம் தேய்ப்பார். அப்படியும் நகக்கண்ணுல இருக்கிற கறுப்பு மட்டும் போகாது.

"நீ பட்டறைப் பக்கமே வரக்கூடாது சாமி. போய்ப் படி" - இது ஆறாங்கிளாஸ்ல இருந்தே அப்பாவோட ஆர்டர். நானும் மறுபேச்சு பேசாம கேட்டேன். கொஞ்சம் ஓவராவே கேட்டுட்டேன். காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்ல 'தகப்பனார் தொழில்'னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல 'பிஸினஸ்'னு இங்கிலீஷ்ல எழுதினேன். கீழே அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்கிற தைரியம்தான்!

ஹாஸ்டல்ல எவனாவது கேட்டா, "லாரி பிஸினஸ்டா" என்பேன். பொய் இல்லைதானே? பசங்க எங்களுக்குப் பத்து லாரி ஓடுதுன்னே முடிவு பண்ணிட்டாங்க. மூணாவது வருஷம் சிம்போசியத்துக்கு ஸ்டேஜ் சாமான் ஏத்த, "மச்சி, உங்கப்பா லாரி ஒண்ணு அனுப்பச் சொல்லேன்"னு ஒருத்தன் கேட்டப்ப எனக்குத் திடீர்னு வயித்துவலி வந்து ரெண்டு நாள் ஊருக்கு எஸ்கேப் ஆனது தனிக்கதை.

அந்த பிஸினஸ்மேனோட பையன்தான் 2018-ல் எம்.எஸ். படிக்க மிச்சிகன் போனேன்.

ஸ்டூடன்ட் விசாவுல போறவங்களுக்குத் தெரியும். மொதல்ல கேம்பஸுக்குள்ள மட்டும்தான் வேலை பார்க்கலாம். செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், லீவுல ஃபுல் டைம். கேன்டீன்ல தட்டு கழுவுற வேலைக்கே பெரிய க்யூ. அந்த நேரத்துல எனக்கு ஒரு ஏரி ஆராய்ச்சி லேப்ல வேலை கிடைச்சது. மிச்சிகன்ல பெருசும் சின்னதுமா 11,000-க்கும் மேல ஏரி இருக்கு. சுத்தி இருக்கிற பேரேரிகள் தனி. 1988-ல் அந்தப் பக்கம் வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஒரு சின்ன சிப்பியைக் கண்டுபிடிச்சாங்க. ஐரோப்பா பக்கத்துல இருந்து கப்பல்ல வந்த விருந்தாளி. அது படகுலயும் டிரெய்லர்லயும் ஒட்டிக்கிட்டு ஏரி ஏரியா பரவுது. நாங்க ஏரி ஏரியாப் போய்த் தண்ணி எடுத்து, அது வந்திருக்கான்னு பார்க்கணும்.

எங்ககிட்ட ஒரு அலுமினியப் படகு இருந்தது. அதை ஏத்திட்டுப் போக ரெண்டு சக்கர டிரெய்லர். நம்ம ஊர் டிராக்டர் டிரெய்லரோட குட்டித் தம்பின்னு வெச்சுக்குங்க. பிக்கப் வண்டிக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போய், ஏரிக்கரைச் சரிவுல ரிவர்ஸ் எடுத்து, டிரெய்லரை அப்படியே தண்ணிக்குள்ள இறக்கணும். படகு மிதந்ததும் அவுத்துவிடணும். அதாவது சக்கரம், ஹப், பேரிங் எல்லாமே தினமும் தண்ணியில முங்கி எழும்.

லேப்ல ஒரு சீனியர் டெக்னீஷியன் இருந்தார். வயசு அறுபதுக்கு மேல. அங்கே எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு நாக்கு வரவே இல்லை. மனசுக்குள்ள 'தாத்தா'ன்னே வெச்சுக்கிட்டேன். தாத்தாகிட்ட ரெண்டு விநோதப் பழக்கம் உண்டு. வண்டி எங்கே நின்னாலும் இறங்கிப்போய் டிரெய்லரோட ரெண்டு ஹப்பையும் புறங்கையால தொட்டுப் பார்ப்பார். அப்புறம், ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் படகை உடனே இறக்க மாட்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து இருபது நிமிஷம் நிதானமா காபி குடிப்பார். 'மணிக்கணக்குல சம்பளம் வாங்குறாரில்ல, அதான் ஓட்டுறாரு'ன்னு நாங்க கிசுகிசுத்துக்குவோம்.

2019 மே மாசம். பனி உருகி, சீசன் ஆரம்பிக்கப்போற நேரம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தாத்தா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கிட்ட வெச்சார். ஒரு டப்பா மரைன் கிரீஸ், ரெண்டு புது சீல், நாலு காட்டர் பின். "நீ மெக்கானிக்கல் இன்ஜினீயர்தானே? டிரெய்லர் ஹப் ரெண்டையும் பிரிச்சு, கிரீஸ் அடைச்சு, சீல் மாத்திடு. திங்கட்கிழமை கிளம்பணும்."

அதுல சீல்னா என்னன்னு சொல்லிடறேன். அச்சு முனையில ஸ்பிண்டில். அது மேல ஹப். ஹப்புக்குள்ள உள்பக்கம் ஒரு பெரிய பேரிங், வெளிப்பக்கம் ஒரு சின்ன பேரிங், நடுவுல கிரீஸ். உள்பக்கம் கிரீஸ் வெளியே வராமலும் தண்ணி உள்ளே போகாமலும் காவல் நிக்கிறது ஒரு வளையம். இரும்பு விளிம்பு, அதுக்குள்ள ரப்பர் உதடு, அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்க நூல் மாதிரி ஒரு ஸ்பிரிங். விலை அஞ்சு டாலர்கூட இருக்காது.

யூடியூப்பைப் போட்டுட்டு இறங்கினேன். இடது பக்கம் தட்டுத்தடுமாறி முடிஞ்சிருச்சு. தலைகால் புரியலை எனக்கு! வலது பக்கம் பழைய சீல், மரக்கட்டையை வெச்சுத் தட்டினதும் பேரிங்கோட சேர்ந்து முழுசா வெளியே வந்தது. புது சீலை எடுத்து ஹப் வாயில வெச்சேன். அவசரம். கட்டை எதுவும் வைக்காம சுத்தியலால நேரா ஒரு போடு. ஒரு பக்கம் உள்ளே போச்சு, எதிர்ப்பக்கம் எம்பிக்கிட்டு நின்னுச்சு. எம்பின பக்கம் இன்னொரு போடு. விளிம்பு நசுங்கி, உதடு மடங்கி, ஸ்பிரிங் துள்ளிப்போய் எங்கேயோ விழுந்துச்சு.

மணி அஞ்சரை. பார்ட்ஸ் கடை பன்னெண்டு கிலோமீட்டர். எங்கிட்ட கார் கிடையாது. தாத்தாகிட்ட "ஒண்ணை உடைச்சிட்டேன்"னு சொன்னா போதும், திங்கட்கிழமை காலைல அவரே வாங்கிட்டு வந்திருப்பார். அந்த ஒரு வரி வாய்ல வரலை. மெஷின் டிராயிங் ஃபர்ஸ்ட் மார்க்காச்சே!

பழைய சீலைத் துடைச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கிற மாதிரி தெரிஞ்சது. ரப்பர் கொஞ்சம் கெட்டியா இருந்தது, அவ்வளவுதான். அதையே மறுபடி மாட்டினேன். நசுங்கின புதுசைக் குப்பையில, பேப்பருக்கு அடியில தள்ளினேன்.

திங்கட்கிழமை தாத்தா கேட்டார். "ரெண்டும் மாத்தியாச்சா?"

"யெஸ்."

ஜூலை வரைக்கும் ஒண்ணும் ஆகலை. நானும் மறந்தே போயிட்டேன். ஒவ்வொரு ஏரியிலயும் வேலை முடிஞ்சதும் சிப்பி ஒட்டிக்கிட்டு வரக்கூடாதுன்னு டிரெய்லரைச் சுடுதண்ணியில பிரஷர் வாஷ் பண்ணுவோம். அது என் டியூட்டி. 'சுத்தம் சோறு போடும்'னு ஹப்புக்கு நேரா பைப்பைப் பிடிச்சு பளபளன்னு அடிப்பேன்.

ஜூலை மாசம் ஒருநாள் வடக்கே ஒரு ஏரிக்குக் கிளம்பினோம். தாத்தா ஓட்டுறார், பக்கத்துல நான், பின்சீட்டுல ரெண்டு அண்டர்கிராஜுவேட் பொண்ணுங்க. ஹைவேயில மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். ஒருமணி நேரம் கழிச்சு பெட்ரோல் போட நிறுத்தினோம். தாத்தா வழக்கம்போல இறங்கிப்போனார். இடது ஹப்பைத் தொட்டார். வலது பக்கம் போனார். தொட்ட கையை விசுக்குன்னு இழுத்துக்கிட்டார்.

ரிம்மோட உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறிச்சிருந்தது. கறுப்பும் பழுப்புமா கோடு கோடா. எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு.

வண்டியை ஓரமா ஒதுக்கி, ஆறவிட்டு, ஜாக்கி போட்டுக் கழட்டினார். உள்ளே கிரீஸ் இல்லை, பால் ஊத்தின காபி மாதிரி ஏதோ இருந்தது. பேரிங் உருளைகள் சூட்டுல நீலம் பாய்ஞ்சிருந்தது. "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் நமக்கு முன்னாடி ஓடியிருக்கும்" என்றார், சிரிக்காம. பின்னால நின்ன பொண்ணுங்களைப் பார்த்தேன். ஒருத்தி சிப்ஸ் சாப்பிட்டுக்கிட்டு எங்களை வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தா. சக்கரம் கழண்டு எதிர் டிராக்குல போய் விழுறது மாதிரி ஒரு காட்சி மனசுல ஓடுச்சு. இன்னைக்கும் சில ராத்திரி ஓடும்.

தாத்தா சீலைப் பிடுங்கி விரலால அமுக்கினார். ரப்பர் பிஸ்கட் மாதிரி ஒடிஞ்சது. கொஞ்சநேரம் அதையே பார்த்தார். என்னைப் பார்க்கலை. அதுதான் தாங்கலை.

"அது பழசு. புதுசை நான் உடைச்சிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்." இங்கிலீஷ்ல நான் பேசினதுலயே இலக்கணப்பிழை இல்லாத வாக்கியங்கள் அதுதான்னு நினைக்கிறேன்.

அவர் திட்டலை. பெட்டியைத் திறந்து, கிரீஸ் அடைச்சு சீலோட ரெடியா இருந்த ஸ்பேர் ஹப்பை எடுத்து என் கையில கொடுத்தார். "நீ மாட்டு. நான் பார்க்கிறேன்." பேரிங்கோட உள்வளையம் ஸ்பிண்டில்ல ஒட்டிப் பிடிக்காதது என் அதிர்ஷ்டம். ஸ்பிண்டிலைத் துடைச்சுட்டு, பெட்ரோல் பங்க் ஓரத்துல, முட்டிபோட்டு மாட்டினேன். கை நடுங்குச்சு. கடைசியில அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "பேராசிரியர்கிட்ட நான் சொல்லப்போறதில்லை. நாளைக்கு நீ சொல்லு."

அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு ஃபோன் போட்டேன். ஊர்ல காலைல ஏழரை. அப்பா பட்டறைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தார். வேலை போகப்போகுது, விசாவுக்கே ஆபத்து வருமோன்னு என்னென்னவோ உளறினேன். ஒரு வழியா கதையை முழுசாச் சொன்னேன். ஃபோன்ல கொஞ்சநேரம் சத்தமே இல்லை.

"ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்லீங்கப்பா."

"செரி. ஸ்பிண்டில்ல சீல் உக்கார்ற எடத்தை நகத்தால தடவிப் பாத்தியா? நகம் மாட்டுதா?"

அழுதுக்கிட்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. கேள்வி மேல கேள்வி. டிரெய்லர் எதுக்கு? படகா? தண்ணிக்குள்ளயே எறக்குவீங்களா? ஓடி வந்த சூட்டோடயா?

"ஆமாங்கப்பா."

"அப்பறம் எப்படி நிக்கும்? சூடான சொம்பைத் தண்ணியில கவுத்து வெச்சா தண்ணியை உள்ள இழுக்குமா இழுக்காதா? ஹப்பும் அப்படித்தான் சாமி. உள்ள இருக்கற காத்து சுருங்கும், சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். எறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சநேரம் ஆற விடோணும்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. தாத்தாவோட இருபது நிமிஷக் காபி! சூடானா காத்து விரியும், ஆறினா சுருங்கும்னு ப்ளஸ் டூவுல படிச்சேன், ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சேன், தெர்மோடைனமிக்ஸ்ல திரும்பப் படிச்சேன். மூணு தடவையும் பாஸ். இங்கே ஒருத்தர் ஏழரை மணிக்கு வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே சொல்றார்.

"ஏன் சாமி... மே மாசமே எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமில்ல?"

பதில் சொல்லலை. என்ன சொல்ல?

மறுநாள் பேராசிரியர்கிட்ட சொன்னேன். வேலை போகலை. ஆனா ரெண்டு வாரம் ஏரிப் பக்கம் போகக்கூடாது, லேப்ல பாட்டில் கழுவணும். அப்புறம், எரிஞ்ச ஹப்பை நானே சரிபண்ணி ஸ்பேரா வெச்சிடணும். டிரெய்லர் பராமரிப்புக்கு ஒரு செய்முறைத் தாளும் எழுதித் தரணும். இதுவரைக்கும் அப்படி ஒண்ணு லேப்ல இருந்ததே இல்லை, எல்லாம் தாத்தா தலைக்குள்ள மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணி. சங்ககிரியில சாயங்காலம் அஞ்சரை. வாட்ஸ்அப்ல வீடியோ கால். பட்டறையில அப்பா ஃபோனைக் காத்து டேங்க்ல சாய்ச்சு வெச்சிருந்தார். பின்னால நாலு தலை. "நம்ம தம்பி அமெரிக்காவுல ஹப் கழட்டறானாமா!"

கப், கோன் ரெண்டையும் புதுசாவே வாங்கியிருந்தேன். "ஜோடி மாத்தாம போடு. பழைய கப்புல புதுக் கோனைப் போட்டா தின்னுரும்" என்றார். பழைய கப்பைத் தட்டி எடுத்துட்டுப் புதுசை இறக்கினேன். "இப்ப உள்ளங்கையில கிரீஸ் எடு. பேரிங்கோட அகலமான வாயை அதுல அமுக்கி அமுக்கி இழு. அந்தப் பக்கம் உருளை சந்துல புழு மாதிரி கிரீஸ் வரோணும். வர்ற வரைக்கும் விடாத." வந்தது. ஒவ்வொரு சந்துலயும் வர்ற வரைக்கும் சுத்திச் சுத்தி அமுக்கினேன். உள்பக்கப் பேரிங்கை வெச்சாச்சு. அடுத்தது சீல்.

"ஸ்பிரிங் தெரியற பக்கம் கிரீஸைப் பாக்கோணும். உதட்டுல கொஞ்சம் கிரீஸ் தடவு. வறட்சியா மாட்டுனா மொத சுத்துலயே கருகிரும். மேல ஒரு பலகை வை. பலகை மேல மெதுவா தட்டு. ஒரே எடத்துல அடிக்காத, சம்படத்து மூடியை அமுக்கற மாதிரி சுத்தி வா... சுத்தி வா... ஆங், இப்ப சத்தம் மாறுச்சு பாரு. உக்காந்துருச்சு. நிறுத்து!"

எனக்குச் சத்தம் மாறினதே கேக்கலை. பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், பட்டறை இரைச்சல்ல, ஃபோன் ஸ்பீக்கர்ல அவருக்குக் கேட்டிருக்கு!

ஸ்பேர் ஹப் ரெடி. ஆனா வண்டியில அவசரத்துக்கு மாட்டினதையும் ஒருதடவை கழட்டிக் காட்டச் சொன்னார். ஸ்பிண்டில்ல நகம் மாட்டலை, லேசான துரு மட்டும்தான். பொடி எமரித்தாளால சுத்துவாக்குல தேய்க்கச் சொன்னார். நீளவாக்குல தேய்ச்சா அந்தக் கீறல் வழியாவே தண்ணி வருமாம். மறுபடி மாட்டும்போது நட்டுக்குத் தனிப் பாடம். ஹப்பைச் சுத்திக்கிட்டே டைட் வைக்கணும், அப்புறம் லூஸ் பண்ணணும், கடைசியா விரலால முட்டற அளவு மட்டும். காட்டர் பின் ஓட்டைக்கு நேரா வரலைன்னா லூஸ் பக்கம் போகணும், டைட் பக்கம் போகவே கூடாது. "அளவுக்கு மேல இறுக்குனதெல்லாம் எரிஞ்சு போகும். உங்க டயர் வேற சின்னது, எங்க லாரியைவிடச் சுத்து ஜாஸ்தி." அப்புறமா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 கிலோமீட்டர் வேகத்துல அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு 700 தடவைக்கு மேல சுத்துது.

"அப்பறம் இன்னொண்ணு. வாட்டர் சர்வீஸ் பண்றப்ப ஹப்புக்கு நேரா பைப்பைப் பிடிக்காத. அந்த வேகத்துக்கு எந்தச் சீலும் நிக்காது." நான் பிரஷர் வாஷ் விஷயத்தை அவர்கிட்ட சொல்லியிருக்கவே இல்லை. வாயை மூடிக்கிட்டு நோட்டுல எழுதிக்கிட்டேன்.

அந்த நோட்டைத்தான் அப்படியே செய்முறைத் தாளா டைப் பண்ணினேன். ரெண்டு பக்கம். தாத்தா கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சுட்டு, எமரித்தாள் வரியில மட்டும் நிறுத்தி "இது எனக்குத் தெரியாதே" என்றார். அதுக்காகவே அப்பாவுக்கு ஒரு விசில் அடிக்கலாம்! தாள்ல கடைசியா ஒரு கட்டம் இருந்தது: 'சரிபார்த்தவர்'. அப்பா பேரை எழுதி, கீழே 'லாரி மெக்கானிக், சங்ககிரி, தமிழ்நாடு'ன்னு போட்டேன். ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். தங்கச்சி படிச்சுக் காட்டியிருப்பா போல. பத்து நிமிஷத்துல ஃபோன்.

"எதுக்கு சாமி அதெல்லாம் போட்டே? பிஸினஸ்னே போட்டிருக்கலாமில்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "உங்களுக்கு எப்படிங்கப்பா..."

"அன்னைக்கே ஆபீஸ்ல அந்த கிளார்க்கு படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்குனாரு" என்று சிரித்தார். எட்டு வருஷம் ஆச்சு அந்த ஃபார்ம் எழுதி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடலை.

"செரி செரி, அதை உடு. வீலை மாட்டிட்டே இல்ல? எண்பது கிலோமீட்டர் ஓடுனதும் வீல் நட்டெல்லாம் மறுபடியும் ஒருக்கா டைட் பாத்துரு. மறந்துராத."